வகுப்பறையா, காலியிடமா? கிராமத்துக்கு அனுப்பப்பட்ட மருத்துவ மாணவர்களின் கதை

அக்கா மகள் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம், சமுதாய மருத்துவப் பிரிவின் போஸ்டிங்குக்காக எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளைப் போட்டிருந்தார்கள். கடையநல்லூரில் எங்கள் வீட்டில் தங்கித் தினமும் போய்வந்தாள். முதல் வாரம் முடிந்த சனிக்கிழமை ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சலித்துக்கொண்டாள்.

"இங்க படிக்கதுக்கு ஒண்ணுமே இல்ல மாமா. காலையில இருந்து பிரஷர் மாத்திர, சுகர் மாத்திர, இருமல் மருந்து. அவ்ளோதான். இதுக்கா இத்தன வருஷம் படிச்சேன்?"

நான் மருத்துவன் இல்லை. பழைய அறிக்கைகளையும் புத்தகங்களையும் புரட்டுகிற ஆள். அவள் கேட்டது எனக்குப் புதுக் கேள்வியாகத் தெரியவில்லை. மருத்துவம் படிக்கும் பிள்ளையைக் கிராமத்துக்கு எதற்காக அனுப்ப வேண்டும் என்பது தமிழ் பேசும் நிலத்தில் 175 வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்வி. ஒவ்வொரு காலத்திலும் வேறு பதில் வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே குறித்துவைக்கிறேன். அவள் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

மானிப்பாயிலிருந்து ஆரம்பம்

தமிழ் நிலத்தில் மேலை மருத்துவத்தை ஊருக்குள்ளேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் முன்னோடி சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர். 1847-ல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, கூடவே சில இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பெரிய கட்டடம், பல்கலைக்கழகம் எதுவும் கிடையாது. ஒரு மருத்துவர், அவரைச் சுற்றிச் சில மாணவர்கள், வாசலில் நோயாளிகள். இன்று 'கிளினிக்கல் போஸ்டிங்' என்று சொல்கிற விஷயத்தின் ஆதி வடிவம் இதுதான்.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் படித்தவனுக்கு வெளியே சம்பள வேலை காத்திருந்தது. ஊரில் தங்க அவனுக்கு அவசியமில்லை. தமிழில் படித்தவன் தன் ஊருக்கே திரும்புவான் என்று கிரீன் நம்பினார். 1864-லிருந்து வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அதற்குப் பாடநூல் வேண்டுமே? மாணவர்களையும் உதவியாளர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்க்கும் வேலையில் இறங்கினார். உடற்கூற்றியலில் உலகமே படிக்கிற கிரேயின் புத்தகம் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-ல் தமிழில் வந்தது. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வேதியியல் என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேதியியலுக்கு வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. 1873-ல் அவர் ஊர் திரும்பும்போது அவரிடம் படித்து முடித்தவர்கள் அறுபது பேருக்கு மேல்.

கிரீனை நாம் வழக்கமாகத் 'தமிழில் அறிவியல்' என்ற தலைப்பில்தான் நினைவுகூர்கிறோம். அது சரிதான். ஆனால் அவர் மொழியை மாற்றியதற்குப் பின்னால் இருந்தது கிராமத்துக்கு மருத்துவர் வேண்டும் என்ற கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த மொழியில், எந்த இடத்தில் படிக்கிறானோ, அதற்கேற்றபடிதான் அவன் போகிற ஊரும் அமையும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

எல்.எம்.பி. டாக்டர்கள்

இப்போது இந்தப் பக்கம் வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவில் மருத்துவர்கள் இரண்டு ரகம். கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள் ஒரு ரகம். மருத்துவப் பள்ளியில் குறுகிய காலப் படிப்பு முடித்து உரிமம் வாங்கியவர்கள் இன்னொரு ரகம், இவர்கள்தான் எல்.எம்.பி. இன்றைய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, 1938-ல் கல்லூரி ஆவதற்கு முன்பு அப்படியொரு பள்ளிதான். ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல். ஐடா ஸ்கடர் 1918-ல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கியதும் எல்.எம்.பி. பள்ளியே. அதன் முதல் அணியில் 14 பெண்கள் 1922-ல் படிப்பை முடித்தார்கள்.

வேலூரில் ஒரு கூடுதல் விஷயம் இருந்தது. ஐடா ஸ்கடர் வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் வண்டியில் போவார். மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். அங்கேயே நிறுத்திப் பார்ப்பார். சாலையோர மருத்துவமனை என்று அதற்குப் பெயர். மாணவிகள் கூடவே போனார்கள். பாடம் எடுக்கிறவரே மரத்தடியிலும் நின்றார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. "நீ போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்பவில்லை. "வா, போவோம்" என்று கூட்டிப்போனார்.

1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் இன்னொரு முயற்சி நடந்தது. கிராமத்தில் போய் உட்கார்ந்து தொழில் செய்கிற மருத்துவருக்கு அரசு வருஷாவருஷம் ஒரு மானியம் தரும். அவர் ஏழைகளை இலவசமாகப் பார்க்க வேண்டும். முழுநேர அரசு ஊழியரும் இல்லை, முழுத் தனியாரும் இல்லை. கிராமத்து மருத்துவருக்கு அரசு தோள் கொடுக்கும் ஏற்பாடு.

நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் பெரியவர்கள் இன்றைக்கும் 'எல்.எம்.பி. டாக்டர்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்லில் மரியாதையும் இருக்கும், 'பெரிய படிப்பு இல்ல' என்ற தொனியும் லேசாக இருக்கும். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 1940-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர்கள் ஏறத்தாழ 47,500 பேர். அதில் பட்டதாரிகள் 17,654, உரிமக்காரர்கள் 29,870. மருத்துவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 'சின்னப் படிப்பு'க்காரர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

போர் குழு எடுத்த முடிவு

இந்த எண்களைத் தொகுத்துக் கொடுத்தது சர் ஜோசப் போர் தலைமையிலான குழு. 1943-ல் அமைக்கப்பட்டு 1946-ல் அறிக்கை தந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அதில் உறுப்பினர். குழுவின் பெரும்பான்மை சொன்னது: இனி இரண்டு ரகம் வேண்டாம், எல்லோரும் ஒரே தரப் பட்டதாரி மருத்துவராக இருக்க வேண்டும். கிராமத்தானுக்கு இரண்டாம் தர மருத்துவர் என்பது நியாயமில்லை. சில உறுப்பினர்கள் மட்டும் இதை ஏற்கவில்லை. கிராமத்துக்கு உடனே ஆள் தேவை, உரிமப் படிப்பை நிறுத்தினால் அந்த இடம் காலியாகிவிடும் என்றார்கள்.

எனக்கு இந்த இரண்டு தரப்புமே சரி என்றுதான் படுகிறது. சிக்கலே அங்கேதான். சமத்துவம் பேசியவர்கள் படிப்பை ஒன்றாக்கினார்கள். படிப்பு ஒன்றானதும் எல்லாப் படிப்பும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது. அங்கே ஐந்து வருஷம் பழகியவனுக்குக் கிராமம் அந்நிய இடமாகிவிட்டது.

போர் குழுவுக்கு இந்த ஆபத்து தெரியாமலில்லை. அதனால்தான் நோய்த் தடுப்பு, சமுதாய மருத்துவத்தில் மாணவருக்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றும், அவன் 'சமுதாய மருத்துவனாக' உருவாக வேண்டும் என்றும் எழுதினார்கள். என் அக்கா மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தது சுற்றிவளைத்துப் பார்த்தால் அந்த வரிகள்தான். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற யோசனையும் அதே அறிக்கையில் இருந்து வந்தது. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதும் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

ஆனால் பயிற்சி எங்கே, யாரிடம்? எங்கள் பக்கத்துக்கு மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல்தான் வந்தது, திருநெல்வேலிக்கு 1965-ல். ஆசிரியர்கள் எல்லோரும் கல்லூரியில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவர் ஒரே ஒரு மருத்துவர். அவருக்கு நூறு வேலை. அவரை ஆசிரியர் என்று யாரும் நியமிக்கவுமில்லை, அவரும் தன்னை அப்படி நினைத்துக்கொள்ள வழியில்லை.

வேன் வந்தது

1975-ல் ஸ்ரீவாஸ்தவா குழு என்ற இன்னொரு குழு அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் 1977-ல் ஒரு திட்டம் வந்தது: மருத்துவக் கல்வியைக் கிராமத்தை நோக்கித் திருப்புவது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பெடுக்க வேண்டும். பேராசிரியர்களும் மாணவர்களும் அங்கே போக வேண்டும். போவதற்கு நடமாடும் மருத்துவமனை வேன்கள் தரப்பட்டன, பிரிட்டன் கொடுத்தவை. வேன்கள் பெரியவை, டீசல் நிறையக் குடிப்பவை, நம் கிராமத்துச் சாலைக்குப் பொருந்தாதவை என்ற குறை சீக்கிரமே எழுந்தது.

வேனைக் குறை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதற்கும் கீழே ஒரு விஷயம் இருக்கிறது. வேன் என்பது காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிற பொருள். அதில் வருகிறவன் விருந்தாளி. ஊரில் ராத்திரி என்ன நடக்கிறது, அடுத்த வாரம் அந்த நோயாளி எப்படி இருக்கிறாள் என்பது விருந்தாளிக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைப்பகுதியில் வில்லியம் பிக்கிள்ஸ் என்று ஒரு கிராமத்து டாக்டர். அய்ஸ்கார்த் என்ற சின்ன ஊரில் பல பத்தாண்டுகள் தொழில் செய்தவர். 1929-ல் அந்தப் பக்கம் மஞ்சள்காமாலை பரவியது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று தெரியவில்லை. ஒருநாள் காலையில் அவர் ஒரு பெண்ணை நோயோடு படுக்கையில் பார்த்திருந்தார். அவள் அன்றைக்கே எழுந்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அங்கே அவளோடு பழகியவர்கள் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து வரிசையாகப் படுத்தார்கள். நோய் தொற்றுவதற்கும் வெளியே தெரிவதற்கும் இடையில் எத்தனை நாள் என்பதை அவரால் எண்ண முடிந்தது. ஏன் முடிந்தது? ஊரில் எல்லோரையும் அவருக்குத் தெரியும். யார் எங்கே போனார்கள் என்றும் தெரியும். லண்டன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் அதே நோயாளிகள் தனித்தனிச் சீட்டாகத்தான் வந்திருப்பார்கள். அவர் 1939-ல் எழுதிய கிராமத்து நோய்ப் பரவல் பற்றிய புத்தகம் இன்றும் பேசப்படுகிறது. 1953-ல் பிரிட்டனின் பொதுமருத்துவர்கள் கல்லூரிக்கு முதல் தலைவராகவும் அவரையே வைத்தார்கள்.

கிராமத்தில் 'படிக்க ஒண்ணுமில்ல' என்பதற்குப் பிக்கிள்ஸ் ஒரு பதில்.

எங்கள் ஊர் கொடுத்த பதில்

இன்னொரு பதில் கடையநல்லூரிலேயே இருக்கிறது. 2012 கோடையில் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியது. கடுமையாக அடிபட்ட ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. தென்காசி அப்போது தனி மாவட்டமாகவில்லை. தெருவுக்குத் தெரு காய்ச்சல். வசதி இருந்தவர்கள் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் காரில் ஓடினார்கள். 'தட்டணு' என்ற சொல் அதுவரை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அந்த மாதத்தில் சின்னப் பிள்ளைகூட எத்தனை ஆயிரம் என்று கேட்டது. நிலவேம்புக் கஷாயம் வீட்டுக்கு வீடு போனது.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் நின்ற மாணவன் தட்டணு இறங்குவதைப் பார்த்திருப்பான். அது தேவையான படிப்பு. உயிரைக் காப்பாற்றிய படிப்பு. ஆனால் கொசு எங்கே பிறந்தது என்பது அந்த வார்டில் தெரியாது. எங்கள் தெருவில் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் சிமெண்ட் தொட்டி, டிரம், அண்டா, குடம் எல்லாவற்றிலும் பிடித்துவைப்போம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படித் தேங்கி நிற்கிற நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது ஒரு மருத்துவத் தகவல். ஆனால் அதைக் கேட்க எந்த ஓ.பி. சீட்டிலும் கட்டம் இல்லை. வீட்டுக்குள் வந்து அடுக்களை வரைக்கும் போகிறவருக்குத்தான் அது தெரியும்.

2007-ம் அதன் பிறகும்

2007-ல் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ், எம்.பி.பி.எஸ். முடிக்கிறவர்கள் ஒரு வருஷம் கட்டாயமாகக் கிராமத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். தமிழ்நாட்டில் மருத்துவ மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். அன்றைக்குக் கேட்ட வாதங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஒரு பக்கம், 'மக்கள் வரிப்பணத்துல படிச்சவங்க கிராமத்துக்குப் போக மாட்டாங்களாம்' என்ற கோபம். இன்னொரு பக்கம், 'ஒரு வருஷம் வீணாகும், வசதி இல்லாத இடத்துல குறைஞ்ச காசுக்கு எங்கள வச்சு காலியிடத்த நிரப்பப் பாக்காங்க' என்ற கோபம். யோசனை அப்படியே கிடப்பில் போனது.

இரண்டு தரப்பும் கிராமத்தைக் காலிப் பணியிடமாகத்தான் பார்த்தன என்பது இப்போது திரும்பிப் பார்க்கையில் தெரிகிறது. அனுப்புகிறவருக்கு நிரப்ப வேண்டிய இடம். போகிறவருக்குக் கழிக்க வேண்டிய தண்டனை. கிராமத்தில் யார் சொல்லிக்கொடுப்பார், எதைச் சொல்லிக்கொடுப்பார் என்ற கேள்வி அந்தக் கூச்சலில் காணாமல் போனது. கிரீன் மானிப்பாயிலேயே இருந்தார். ஐடா ஸ்கடர் மரத்தடிக்கு வந்தார். பிக்கிள்ஸ் ஊரைவிட்டு நகரவே இல்லை. ஆசிரியர் ஊரில் இருந்தபோதெல்லாம் ஊர் வகுப்பறையானது. மாணவனை மட்டும் அனுப்பியபோதெல்லாம் அது வெறும் டூட்டி ஆனது.

இப்போது முதல் வருஷம் சேருகிற பிள்ளைகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் அவர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும். காகிதத்தில் நல்ல யோசனை. 'தத்து' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. பதினெட்டு வயசுப் பிள்ளை ஒரு குடும்பத்தைத் தத்தெடுப்பதா? அந்தக் குடும்பம்தான் அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும். உண்மையில் நடப்பதும் அதுதான்.

அக்கா மகள் படித்த பாடம்

இனி அவள் கதை. மூன்றாவது வாரமோ என்னவோ, ஒருநாள் வந்ததும் பையைக்கூட வைக்காமல் பேச ஆரம்பித்தாள்.

பீடி சுற்றுகிற ஒரு அம்மா, ஐம்பது வயசுக்கு மேல். மாதாமாதம் வந்து பிரஷர் மாத்திரை வாங்குகிறார். ஆனால் எப்போது பார்த்தாலும் பிரஷர் அதிகம். இவள் சீட்டைப் பார்த்து, மருந்து போதவில்லை, கூட்ட வேண்டும் என்று எழுதப் போயிருக்கிறாள். பக்கத்தில் நின்ற கிராம சுகாதார செவிலியர் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: "டாக்டரம்மா, கூட்டாதீங்க. அவங்க காலையில மாத்திர போடுததே இல்ல. நீங்களே கேட்டுப் பாருங்க."

கேட்டிருக்கிறாள். அதில் ஒரு மாத்திரை நீரைப் பிரிக்கிற மாத்திரை. போட்டால் அடிக்கடி எழுந்து போக வேண்டும். அந்த அம்மா நாலைந்து பேரோடு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவர். அரைமணிக்கு ஒருதரம் தட்டை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வந்தால் அன்றைய எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அதனால் பீடி சுற்றுகிற நாளில் மாத்திரை கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில், 'டாக்டர் ஏசுவாங்க' என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார்.

"நான் டோஸ கூட்டியிருந்தா, அவங்க ஒருநாள் பயந்துபோய் ஒழுங்கா எல்லாத்தையும் போட்டிருந்தா, மயங்கி விழுந்திருப்பாங்க மாமா" என்றாள். அங்கிருந்த மருத்துவ அலுவலரிடம் பேசி, வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மறுமாதம் பிரஷர் இறங்கியிருந்தது.

"இது எந்தப் புக்குலளா இருக்கு?" என்று கேட்டேன்.

"நீரைப் பிரிக்கிற மாத்திர போட்டா யூரின் போகும்னு எல்லா புக்குலயும் இருக்கு மாமா. திண்ணையும் பீடிக் கூலியும்தான் இல்ல."

எனக்கு அந்தச் செவிலியரைப் பற்றியே யோசனை ஓடியது. அவர் பெயர் எந்தப் பாடத்திட்டத்திலும் ஆசிரியர் பட்டியலில் இருக்காது. என் அக்கா மகளுடைய பயிற்சிக் கையேட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. ஆனால் அன்றைக்கு அங்கே பாடம் எடுத்தவர் அவர்தான். அவரைச் சொல்லவைத்தது அந்த அம்மா. போர் குழு தொடங்கி எத்தனையோ குழுக்கள் மாணவனைக் கிராமத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருக்கின்றன. அங்கே இருக்கிற ஆசிரியருக்கு ஒரு நாற்காலி போட்டு, சம்பளத்தில் அதற்கென்று ஒரு வரி சேர்த்து, 'நீங்களும் ஆசிரியர்தான்' என்று எழுதிக்கொடுக்கிற ஒரு சின்ன உத்தரவு இந்த 80 வருஷத்தில் செய்யக்கூடியதாகத்தான் இருந்திருக்கும்.

போஸ்டிங் முடிந்து அவள் கிளம்பிப் போய்விட்டாள். மேற்படிப்புக்குத் தேர்வு எழுதப் போகிறாள். கிராமத்துக்கு வருவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்பதும் நியாயமில்லை. ஆனால் போகிற அன்றைக்குக் காலையில் அவள் கடைசியாகச் செய்த வேலை, எங்கள் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்து, "மாமா, தண்ணிய கொட்டுனா மட்டும் பத்தாது, சுவரத் தேய்ங்க" என்று சொன்னது.

நம் பக்கத்தில் தொழில் செய்த எல்.எம்.பி. டாக்டர்களின் பழைய நோட்டுகள், மருந்துச் சீட்டுகள், போர்டுகள் எங்கேயாவது பரணில் கிடக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அடுத்த குறிப்பு அதைப் பற்றித்தான்.